தகரக் கூரை மேல் ஓர் அயலார்

தையற்காரர் தப்பு ஒன்றும் செய்யவில்லை. அரசாங்கம் சொன்னதைக் கேட்டார், அவ்வளவுதான்.

ஒரு புதன்கிழமை காலை, வீட்டுக்கு முன்புறமாக இருந்த தன் கடையைத் திறக்க வந்தவர், தகரக் கூரையில் யாரோ பச்சை ரப்பர் குழாயைத் தூக்கிப் போட்டிருப்பதைப் பார்த்தார். எட்டி இழுக்கலாம் என்று கையை நீட்டினார். குழாய் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது.

அது ஓணான். நாம் பார்த்த ஓணான் இல்லை. அதற்குக் காற்றடித்துப் பெரிதாக்கி, முதுகு நெடுகச் சீப்புப் பல் வைத்து, கழுத்துக்குக் கீழே ஒரு பையைத் தொங்கவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. வால் மட்டுமே ஆள் கை நீளத்துக்கு மேல்.

"ஏங்க, அது நம்ம செம்பருத்தியை மொட்டையடிச்சிடுச்சு" என்று உள்ளேயிருந்து மனைவி சொன்னார்.

"விரட்டேன்."

"விரட்டினேன். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிட்டு மறுபடியும் திங்குது. ஒரு வாளித் தண்ணி ஊத்தினா ஓடிடும். ஊத்தட்டுமா?"

இந்த இடத்தில் ஊற்று என்று அவர் சொல்லியிருந்தால் கதையே இல்லை. ஆனால் தெருமுனையில் ஒரு சுவரொட்டி இருந்தது. சிவப்புக் கண்ணோடு ஒரு பாம்பு சீறிக்கொண்டிருக்க, கீழே 'அயல் ஊர்வனவற்றைக் கண்டால் உடனே தெரிவியுங்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். தையற்காரர் அச்சில் போட்டதை அப்படியே நம்புகிற ரகம்.

"அதுக்குன்னு ஒரு ஆபீசே வெச்சிருக்காங்க. நாம எதுக்குத் தண்ணி ஊத்தணும்? அரை மணி நேரத்துல வந்துடறேன்" என்று கிளம்பினார்.

கடைக்குள்ளே அறுபத்து நாலு பள்ளிக்கூடச் சீருடைகள் வெட்டித் தயாராக அடுக்கப்பட்டிருந்தன. பள்ளி திறக்க இன்னும் பத்தொன்பது நாள்.

அயல் ஊர்வன ஒழுங்கு இயக்ககம் மூன்று மாடிக் கட்டடத்தில் இருந்தது. வாசலிலேயே அதன் சின்னம்: வட்டத்துக்குள் ஒரு பல்லி, சுற்றிலும் 'மண்ணின் காவலன்' என்ற எழுத்து. உள்ளே ஒரு எழுத்தர் உட்கார்ந்திருந்தார். முழுக்கைச் சட்டையின் கடைசிப் பொத்தான்வரை போட்டிருந்தார். விதிப் புத்தகத்தைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தார். அவர் கோபப்பட்டோ சிரித்தோ யாரும் பார்த்ததில்லை. அவர் தலைக்கு மேலே குழல்விளக்கின் ஓரத்தில் நிஜமாகவே ஒரு பல்லி பூச்சிக்காகக் காத்திருந்தது.

தையற்காரர் விஷயத்தைச் சொன்னார். எழுத்தர் பதினோரு பக்கப் படிவம் ஒன்றை எடுத்தார்.

"ஊர்வனவின் பெயர்?"

"தெரியாதுங்க."

"பிறந்த நாடு?"

"நான் கேக்கலைங்களே."

"கேட்டிருக்கணும். சரி, வந்த நோக்கம்? வேலை, கல்வி, சுற்றுலா, நிரந்தரக் குடியேற்றம்."

"செம்பருத்தி திங்கத்தான் வந்திருக்கும்னு நினைக்கிறேன்."

"அப்ப சுற்றுலா" என்று எழுத்தர் குறித்துக்கொண்டார். "உங்களுக்கும் அதுக்கும் என்ன உறவு? உரிமையாளர், பாதுகாவலர், இடம் கொடுத்தவர், இரத்த சம்பந்தம். நாலுல ஒண்ணு."

"நாலும் இல்லைங்க."

"நாலுல ஒண்ணு இருந்தாகணும். உறவே இல்லாத ஒருத்தருக்காக யாராவது வேலையை விட்டுட்டு இவ்வளவு தூரம் வருவாங்களா?"

இது நியாயமாகத்தான் பட்டது. தையற்காரர் வெகுநேரம் யோசித்தார். இரத்த சம்பந்தம் நிச்சயமாக இல்லை. கூரை தன்னுடையது, அதில்தான் அது படுத்திருக்கிறது. 'இடம் கொடுத்தவர்' என்ற கட்டத்தில் டிக் போட்டார்.

எழுத்தர் முத்திரை குத்தினார். அதே குரலில், "பிரிவு பதினாலு. அயல் ஊர்வனவுக்கு இடம் கொடுத்த குற்றம். அந்த பெஞ்சில உக்காருங்க" என்றார்.

"சார், நான் புகார் குடுக்க வந்தவன்!"

"ஆமா. புகார் உங்க மேலதான். நீங்களே வந்து குடுத்ததனால சாட்சி ரொம்ப பலமா இருக்கு."

அரை மணி நேரத்தில் வருவதாகச் சொன்னவர் மாலை ஐந்து மணிக்குத் திரும்பினார். கூடவே எழுத்தரும் ஆறு பேர் கொண்ட ஆய்வுக் குழுவும் வந்தார்கள். அவர்களிடம் ஏணி இல்லை. தையற்காரர் வீட்டு ஏணியைக் கேட்டு வாங்கி ஏறிப் பார்த்தார்கள். இறங்கியதும் ஏணியைக் குற்றத்துக்கு உதவிய பொருள் என்று பறிமுதல் செய்தார்கள். பிறகு கடையைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டி, பூட்டில் அரக்கு வைத்தார்கள்.

"உள்ள பசங்க துணி இருக்குங்க! பள்ளிக்கூடம் திறக்கப் போறாங்க!"

"விசாரணை முடியட்டும்" என்று எழுத்தர் உத்தரவை வாசித்தார். பச்சை ஓணான் இனிமேல் பொருள் எண் 417. முதல் 416 எண்களும் இயக்ககத்தின் மேசை நாற்காலிகள், மின்விசிறிகள். விசாரணை நாள்வரை பொருளை உயிரோடும் நலமாகவும் வைத்திருப்பது தையற்காரரின் பொறுப்பு. தினமும் அரைக் கிலோ கீரை, ஒரு துண்டு பூசணி. அது கூரையில் இருக்கும் ஒவ்வொரு நாளும் இடம் கொடுத்த குற்றம் தொடரும்.

"அப்ப அது போயிட்டா?"

"தப்பிக்க உதவின குற்றம்."

"செத்துட்டா?"

"பக்கம் ஒம்பது. அது பெரிய குற்றம்."

மறுநாளிலிருந்து தையற்காரரின் மனைவி கீரை நறுக்கினார். நறுக்கியதைத் தட்டில் வைத்து நீட்டினால் அது மெதுவாக இறங்கி வந்து தின்றுவிட்டு, நன்றியும் சொல்லாமல், வெயிலில் போய் நீட்டிப் படுத்துக்கொண்டது. என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டியது.

"மாப்பிள்ளைதான், சந்தேகமே இல்லை" என்றார் மனைவி. "உக்காந்த இடத்துல சாப்பாடு, ஒரு வேலை கிடையாது, மூஞ்சியில அந்த மிதப்பு. நம்ம பொண்ணைக் கட்டிக்கிட்டவராவது தட்டை எடுத்து வைப்பாரு."

பெயர் ஒட்டிக்கொண்டது. தெருவில் போகிறவர்கள் "மாப்பிள்ளை சாப்பிட்டாச்சா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். சீருடைக்குக் கொடுத்திருந்த தாய்மார்கள் மட்டும் அப்படிச் சிரித்துக்கொண்டு போகவில்லை. நாடாவுக்கு வெளியே நின்று, ஜன்னல் கண்ணாடி வழியாகத் தங்கள் பிள்ளைகளின் துணி அடுக்கைப் பார்த்தார்கள். தையற்காரரையும் பார்த்தார்கள். ஒரு அம்மா, "உங்களுக்கு ஏங்க இந்த வேலை? பேசாம தண்ணி ஊத்தி விரட்டியிருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார். இருபத்தாறு வருடத்தில் சொன்ன நாளுக்குத் தையற்காரர் துணி கொடுக்காமல் இருந்ததில்லை. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பத்தாவது நாள் மாப்பிள்ளைக்கும் இறங்கவில்லை. தட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. வயிறு வேறு பானை மாதிரி ஆகியிருந்தது. பக்கம் ஒன்பதை நினைத்துத் தையற்காரர் மூன்று முறை தட்டை மாற்றி வைத்துப் பார்த்தார். அது கொல்லைக்குப் போய், கட்டட வேலையில் மிஞ்சிய மணல் குவியலை ஒரு நாள் முழுக்கத் தோண்டியது. மறுநாள் ஒட்டிய வயிறோடு வந்து ஒரு முழுப் பூசணித் துண்டைத் தின்றது. அப்பாடா என்று இருவரும் மூச்சு விட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் விசாரணை. இயக்ககத்தின் முதல் மாடிக் கூடத்தில் இயக்குநர் நடுவில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் மும்மூன்று அதிகாரிகள். ஜன்னல் திண்டில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கட்டடத்திலேயே ஊர்வனவற்றைப் பற்றிப் படித்தவள் அவள் ஒருத்திதான். பதவி, தற்காலிக ஆய்வாளர். தற்காலிகப் பணியாளர்களுக்கு நாற்காலி கிடையாது.

இயக்குநர் தொண்டையைக் கனைத்தார்.

"நான் ஊர்வனவற்றுக்கு எதிரி இல்லை. என் மச்சினர் வீட்டுல ஆமை இருக்கு, நானே தடவிக் குடுத்திருக்கேன். ஆனா ஒரு ஒழுங்கு வேணாமா? அதோ, நம்ம பல்லியைப் பாருங்க." எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்; அங்கேயும் குழல்விளக்கின் ஓரத்தில் ஒரு பல்லி. "சுவரோட ஒட்டிப் போகும். யாருக்கும் குறுக்கே வராது. நாம பேசினா 'உச்' கொட்டும், அதுக்கு மேல கருத்து சொல்லாது. வாலே போனாலும் புகார் குடுக்காது, தானே முளைக்க வெச்சுக்கும். நல்ல குடிமகனுக்கு இதுக்கு மேல என்ன இலட்சணம் வேணும்? இந்தப் பச்சையைப் பத்திக் குழுவோட அறிக்கையில பார்த்தேன். கண்ணுக்கு நேரா பார்க்குதாம். அதிகாரி ஏணியில ஏறிப் போனபோது கூட எழுந்திருக்கலையாம்!"

"ச்ச" என்றார்கள் ஆறு அதிகாரிகளும்.

"இருபது வருஷமா இந்த இயக்ககம் இரவு பகலா உழைக்குது. இதுவரைக்கும் ஒரு அயல் ஊர்வன கூட நம்ம கையில சிக்கினதில்லை. அந்த அளவுக்கு நம்மகிட்ட பயம்!"

கைதட்டல் அடங்கியதும் இயக்குநர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "நடைமுறைக்காக ஆய்வாளர் ஒரு வரி சொல்லிடட்டும். ஒப்பிட்டுப் பார்க்கணும்ல? மேல இருக்கறது நம்ம ஊர்ப் பல்லிதான்னு பதிவு பண்ணிக்கோங்க."

ஆய்வாளர் எழுந்து நின்றாள். "இல்லைங்க சார்."

"எது இல்லை?"

"அது நம்ம ஊர்ப் பல்லி இல்லைங்க. நூறு வருஷத்துக்கு முன்னால சரக்குக் கப்பல்ல வந்தது. நம்ம ஊர்ப் பல்லி சாம்பல் நிறமா, குட்டையா இருக்கும். இது வந்து விளக்கடியை எல்லாம் பிடிச்சுக்கிட்டதும் அது பாறை இடுக்குக்குப் போயிடுச்சு. இப்ப ரொம்பக் கொஞ்சம்தான் மிச்சம். நாலு வருஷமா அறிக்கை அனுப்பிக்கிட்டிருக்கேன்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான் சார்."

மேலே இருந்த பல்லி 'உச்' கொட்டியது.

முதலில் அசைந்தவர் எழுத்தர். மேசை இழுப்பறையைத் திறந்து பதினோரு பக்கப் படிவம் ஒன்றை எடுத்து, இயக்குநர் முன்னால் வைத்து, பேனாவைத் திறந்தார். அவருக்கு இயக்குநர் மேல் எந்த விரோதமும் இல்லை. விதியில் அப்படி இருந்தது.

"சார், இந்த ஊர்வனவுக்கும் உங்களுக்கும் என்ன உறவு? நாலுல ஒண்ணு."

இயக்குநர் திருதிருவென விழித்தார். தையற்காரருக்குப் பாவமாக இருந்தது. பட்டவர் என்ற முறையில் மெல்லக் குனிந்து, "சார், இடம் கொடுத்தவர்னு மட்டும் போட்டுடாதீங்க. அதுலதான் வம்பே" என்றார்.

இயக்குநர் உறவு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அதிகாரிகளோடு ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டார். கதவு திறந்தபோது ஒரு தீர்மானம் வெளியே வந்தது: 'அதிகாரபூர்வமாகப் பார்க்கப்படாத ஊர்வன, பார்க்கப்பட்டதாகாது.' அதற்குக் கீழே, தாங்கள் இந்தக் கட்டடத்தில் எந்த ஊர்வனவையும் பார்க்கவில்லை என்று ஏழு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"நீங்களும் உங்க கூரையில எதையும் பார்க்கலைன்னு எழுதிக் குடுத்துடுங்க" என்றார் எழுத்தர். "உங்களுது மட்டும் பார்த்ததா இருந்தா, இயக்குநருக்கும் மேல இருக்கறவங்க ரெண்டையும் சேர்த்து வெச்சுப் பார்ப்பாங்க."

"நான் தினமும் பார்க்கறேனே சார். காலையில கூட கீரை போட்டுட்டுத்தான் வந்தேன்."

"அது தனிப்பட்ட முறையில பார்க்கறது. அதுல இயக்ககத்துக்கு ஆட்சேபம் இல்லை."

"எழுதிக் குடுத்தா அரக்கை எடுத்துடுவீங்களா?"

"பார்க்காத பொருளுக்காகக் கடையைப் பூட்ட விதி இல்லை."

அறுபத்து நாலு பிள்ளைகள். ஏழு நாள். தையற்காரர் கையெழுத்துப் போட்டார். வாழ்க்கையில் அவர் எழுதிக் கொடுத்த முதல் பொய் அதுதான். ஆய்வாளரிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. தற்காலிகப் பணியாளர் பார்ப்பது கணக்கில் வராது.

அவள் வாசல்வரை அவர் பின்னாலேயே வந்தாள். "அண்ணா, ஒண்ணு கேக்கணும். அது எங்கேயாவது மண்ணைத் தோண்டுச்சா?"

அவர் சொன்னார். அவள் முகம் மாறியது.

"அது மாப்பிள்ளை இல்லைண்ணா. பொண்ணு. அந்த மணலுக்குள்ள முப்பது நாப்பது முட்டை இருக்கும். பொரிஞ்சா முதல்ல உங்க தெருவுல ஒரு செடி தங்காது, நாலு வருஷத்துல ஊருல தங்காது. இப்ப எடுத்துட்டா இத்தோட முடிஞ்சது. ஆபீஸ்ல ஒரு மண்வெட்டி கேட்டேன். மண்வெட்டி தோட்டக்கலையில வருதாம், நமக்குக் கிடையாதாம்."

பன்னிரண்டு நாள், ஆறு பேர், பதினோரு பக்கம், ஓர் ஏணி எல்லாம் தையற்காரர் கண் முன்னால் ஓடின.

"எங்க வீட்டுல மண்வெட்டி இருக்கும்மா" என்றார்.

மறுநாள் காலை அவள் வந்தாள். தையற்காரரின் மனைவி மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உடனே கொடுக்காமல் நின்றார்.

"முட்டையை என்ன பண்ணுவே?"

"உறைய வெச்சுடுவோம்க்கா. உள்ள எதுவும் உருவாகறதுக்கு முன்னாலேயே."

"அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது. போட்டு மூடிட்டுப் போயிடும், திரும்பிப் பார்க்காது. அது மேல தப்பே இல்லைக்கா. யாரோ ஆசைக்குக் கையளவுல வாங்கியிருப்பாங்க. பெருசானதும் கார்ல கொண்டுவந்து தெருவுல விட்டிருப்பாங்க. அது யாருன்னு கேக்க அந்தப் பதினோரு பக்கத்துல ஒரு வரி இல்லை."

மனைவி மண்வெட்டியைக் கொடுத்தார். "ஒண்ணும் உடையாம எடு" என்று மட்டும் சொன்னார், அதில் அர்த்தம் இல்லை என்று தெரிந்தும்.

நாற்பத்தொரு முட்டைகள் வந்தன, வெள்ளையாக, தொட்டால் அமுங்குகிற மாதிரி. வெட்டுத் துணிக் கூடையில் அடுக்கி மேலே துண்டுத் துணிகளைப் போட்டு மூடியபோது, வாசலில் கார் வந்து நின்றது.

இயக்குநர், எழுத்தர், ஒரு புகைப்படக்காரர். இயக்குநர் கையில் சட்டம் போட்ட சான்றிதழ் இருந்தது.

"வாழ்த்துகள்! நாட்டிலேயே அயல் ஊர்வன அற்ற முதல் வளாகம் உங்களுதுதான்!"

"எப்படிங்க?"

"நீங்கதான் ஒண்ணும் பார்க்கலைன்னு எழுத்து மூலமா குடுத்திருக்கீங்களே. பொதுமக்கள்ல வேற யாரும் குடுக்கலையே!" ஆய்வாளரைப் பார்த்து, "இந்தப் பொண்ணு எதுக்கு மண்வெட்டியோட நிக்குது?" என்றார்.

"செடி வைக்கிறோம்" என்றார் மனைவி, கூடையைக் காலால் பின்னுக்குத் தள்ளியபடி.

கடை வாசலில் ஒரு பக்கம் இயக்குநர், ஒரு பக்கம் தையற்காரர். நடுவில் சட்டை மாட்டிவைக்கும் தலையில்லாத மரப் பொம்மை ஒன்று இருந்தது. அதை நகர்த்த நேரமில்லை. இயக்குநர் பேச ஆரம்பித்துவிட்டார். அது பூசணி வேளை. மாப்பிள்ளை என்று இன்னும் அழைக்கப்பட்ட அந்தப் பெண் ஓணான் கூரையிலிருந்து இறங்கியது. தட்டைக் காணோம். நேராகப் பொம்மையின் மேல் ஏறி, இரண்டு கையாலும் தோளைக் கட்டிக்கொண்டு, தலை இருக்க வேண்டிய இடத்தில் தன் தலையை வைத்து, நின்ற வாக்கில் இயக்குநரைப் பார்த்தது.

எல்லோரும் எழுத்தரைப் பார்த்தார்கள்.

"யாரும் எதையும் பார்க்கலை" என்று எழுத்தர் தாழ்ந்த குரலில் நினைவுபடுத்தினார். "தீர்மானம் அமலில் இருக்கு."

இயக்குநர் நேர்ப்பார்வையாக, கழுத்தைத் திருப்பாமல், முழுப் பேச்சையும் பேசி முடித்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் ஒரு தலை ஆடியது. இத்தனை வருட உத்தியோகத்தில் தன் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்டு ஆமோதித்தவர் யாரும் இல்லை என்று அவருக்கு ஓரக்கண்ணில் தோன்றியிருக்க வேண்டும். கடைசியில் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. புகைப்படக்காரர் படம் எடுத்தார். கார் போய்விட்டது.

அன்று மத்தியானமே ஆய்வாளர், மிருகக்காட்சி சாலையில் வேலை பார்க்கும் தன் தோழியை வரவழைத்தாள். இல்லாத ஓணானைக் கூண்டில் சேர்க்கத் தடை இருப்பதாக எந்த விதியும் இல்லை. சாக்கில் போட்டுக் கட்டும்போது தையற்காரரின் மனைவி உள்ளே நாலு செம்பருத்தியைப் போட்டார். அதன்பின் அடுப்படிக்குப் போனவர் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. தையற்காரர் மெஷினில் உட்கார்ந்தார். பள்ளி திறந்த அன்று காலை ஏழரை மணிக்குக் கடைசிச் சட்டைக்குக் கடைசிப் பொத்தானைத் தைத்துக் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து எழுத்தர் கடைக்கு வந்தார். கையில் இயக்ககத்தின் ஆண்டறிக்கை. முதல் பக்கத்திலேயே அந்தப் படம். கொஞ்சம் மங்கல். கீழே எழுதியிருந்ததைத் தையற்காரர் வாய்விட்டுப் படித்தார்:

"'அயல் ஊர்வன அற்ற முதல் வளாகம். இடமிருந்து வலமாக: இயக்குநர், பச்சைச் சீருடையில் இயக்கக ஊழியர், தையற்காரர்.' என்ன சார் இது?"

"மூணு தலை தெரியுது. மூணு பேர் போட்டாகணும்" என்றார் எழுத்தர். "பார்க்கலைன்னு தீர்மானம் இருக்கறப்ப வேற எப்படிப் போடறது?"

"இயக்குநர் ஒண்ணும் கேக்கலையா?"

"பார்த்தாரு. அவருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. பணிவான பையன்னு சொன்னாரு. அந்த உடுப்புல நம்ம ஆளுங்க எல்லாருக்கும் ஒரு கம்பீரம் வரும்னாரு. மொத்தம் நாப்பத்திரண்டு பேருக்கு அதே மாதிரி தைக்கணும். முதல்ல என்னை அளவெடுத்துக்கோங்க."

அவர் கையை விரித்துக்கொண்டு நின்றார். தையற்காரர் கழுத்து, தோள், மார்பு என்று அளந்து எழுதிக்கொண்டே போனார். இடுப்புக்கு வந்ததும் பென்சில் நின்றது. படத்தை எடுத்து வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தார்.

"சார், பின்னால வால் வேணுமா, வேண்டாமா?"

எழுத்தர் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"படத்துல எப்படி இருக்கோ, அப்படியே தைங்க" என்றார்.